திருட்டுக்கு பிளாக் நம்பர், பெருமைக்கு ஊர்ப் பெயர்

தஞ்சாவூரில் ஒருவர் ‘ஹவுசிங் யூனிட்’டில் குடியிருக்கிறேன் என்று சொன்னால் கேட்பவர் முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. டாக்டர், வாத்தியார், ரிட்டயர்டு தாசில்தார் என்று யார் வேண்டுமானாலும் அங்கே இருக்கலாம். அதே டெல்டாவில் இன்னொருவர் ‘குடிசை மாத்து வாரியத்துல இருக்கேன்’ என்று சொன்னால், எதிரில் இருப்பவர் ஒரு நொடி தாமதித்து “அங்கயா?” என்பார். இரண்டும் அரசாங்கம் கட்டிய வீடுதான். ஒன்றைக் கட்டியது 1961-இல் வந்த வீட்டு வசதி வாரியம், மற்றதைக் கட்டியது 1970-இல் வந்த குடிசை மாற்று வாரியம். சிமெண்டும் கம்பியும் ஒன்றுதான், ஆனால் பெயர் மட்டும் ஒன்றுக்கு நல்லதாகவும் மற்றதற்குக் கெட்டதாகவும் போய்விட்டது.

பெயர் தானாகக் கெடவில்லை, அதில் எங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. எங்களுக்கு என்று ஏன் சொல்கிறேன் என்றால், நான் நாலு வருஷம் டெல்டாவில் ஒரு நகரத்தில் நாளிதழ் ஒன்றுக்குப் பகுதி நேர நிருபராக இருந்தவன். அந்த நகரத்தின் ஓரத்தில், மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிற தாழ்வான இடத்தில், குடிசை மாற்று வாரியத்தின் அடுக்கு வீடுகள் இருக்கின்றன. அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், அந்தப் பெயரைத் தட்டித் தேடுகிறவர்களுக்கு வந்து விழும் பக்கங்களில் இதுவும் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

பத்திரிகைகள் இந்தக் குடியிருப்புகளைப் பற்றிப் பொய் எழுதுகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் பொய் ரொம்பக் குறைவு. நான் அனுப்பிய செய்திகளில் பெயர், வயது, கைப்பற்றிய பொருள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. எந்தச் செய்தியில் முகவரி முழுதாக வருகிறது, எந்தச் செய்தியில் சுருங்குகிறது, எதில் காணாமலே போகிறது என்று பார்த்தால் போதும்.

ஒரு நிருபரின் நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். காலையில் எழுந்ததும் ஸ்டேஷனுக்கு ஒரு போன். அப்புறம் ஜி.ஹெச்., அதன் பிணவறை, கோர்ட், கலெக்டர் ஆபீஸ். போலீஸ் தரப்புச் செய்திக் குறிப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும். அதில் குற்றம் சாட்டப்பட்டவர் பெயர், தகப்பனார் பெயர், வயது, முகவரி இருக்கும். சாயங்காலத்துக்குள் டெஸ்க்குக்கு, அதாவது ஆபீசில் செய்தியைத் திருத்தித் தலைப்பு வைக்கிறவர்களுக்கு, அனுப்பியாக வேண்டும். சம்பளம் என்று பெரிதாகக் கிடையாது, பிரசுரமான செய்திக்குத்தான் காசு. எனவே வந்ததை வெட்டி ஒட்டி, நாலு வார்த்தையை மாற்றி, ‘போலீசார் வலைவீசித் தேடி வருகின்றனர்’ என்று முடித்து அனுப்பிவிடுவோம். இந்தப் பட்டியலில் குடியிருப்பு என்று ஒரு இடமே இல்லை, பார்த்தீர்களா? அந்த பிளாக்குகளுக்குள் நாங்கள் போவதே இல்லை. அங்கிருந்து செய்தி வெளியே வருகிற ஒரே வாசல் போலீஸ் ஸ்டேஷன். ஆயிரம் பேர் வசிக்கிற இடத்தைப் பற்றி ஸ்டேஷன் வழியாக மட்டுமே தெரிந்துகொண்டால் அங்கே திருடனும் கஞ்சாவும்தான் தெரியும். கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டு வழியாகவே எப்போதும் உள்ளே போகிறவனுக்குக் கல்யாணம் என்றால் எச்சில் இலைதான் என்று தோன்றுவது மாதிரி.

போலீஸ் குறிப்பில் பிளாக் நம்பர், டோர் நம்பர் வரைக்கும் இருப்பதற்குக் காரணம் உண்டு, அவர்கள் ஆளைத் தேடிப் போக வேண்டும். வாசகர் தேடிப் போகப் போவதில்லை. ஆனாலும் அந்த முகவரி அப்படியே அச்சுக்குப் போகிறது, சில சமயம் தலைப்புக்கே போகிறது.

இதுவே, வசதியானவர்கள் இருக்கிற பெரிய வீதி வீட்டுப் பையன் குடித்துவிட்டுத் தகராறு செய்து மாட்டினால் என்ன ஆகும்? சாயங்காலம் ஆறு மணிக்குள் எனக்கு ஒரு போன் வரும். அவன் மாமாவோ, மாமாவுக்குத் தெரிந்த கவுன்சிலரோ. “தம்பி, செய்தி போட வேண்டாம்னு சொல்லல. தெருப் பேரு மட்டும் வேண்டாமே, பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கோம்.” தெருப் பெயர் போய்விடும், ‘நகரைச் சேர்ந்த இளைஞர்’ என்று வரும். நானே செய்திருக்கிறேன், ஒரு தடவை இல்லை. பிளாக்கில் இருக்கிறவர்களிடம் என் நம்பர் கிடையாது. அவ்வளவுதான் வித்தியாசம். குற்றம் இரண்டு இடத்திலும் நடக்கிறது, ஒரு இடத்தில் மட்டும் முகவரி மிஞ்சுகிறது. பத்து வருஷம் இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு வரி சேர்ந்தால் ஊருக்குள் ஒரு வரைபடம் உருவாகிவிடும். அதை யாரும் திட்டம் போட்டு வரையவில்லை.

2021-இல் கும்பகோணத்தில் பல கோடி ரூபாய் நிதி மோசடிப் புகார் ஒன்று வெடித்தது நினைவிருக்கும். புகாரில் சிக்கிய, ஹெலிகாப்டர் வைத்திருந்த சகோதரர்களைச் செய்திகள் எல்லாம் ‘ஹெலிகாப்டர் சகோதரர்கள்’ என்றே எழுதின. இன்றைக்கு யாரைக் கேட்டாலும் ஹெலிகாப்டர் ஞாபகம் இருக்கும். அவர்கள் எந்தப் பகுதியில் குடியிருந்தார்கள் என்று சொல்லச் சொல்லுங்கள், உள்ளூர்க்காரர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்தப் பகுதியை ‘மோசடிக் கூடாரம்’ என்று ஒருவரும் எழுதவில்லை, எழுதவும் கூடாது. நான் கேட்பது, செல்போன் திருடன் ஒருவன் மாட்டும்போது மட்டும் அவன் குடியிருப்பே ஏன் கூடாரமாகிறது என்பதுதான்.

இங்கே சாதியைத் தொடாமல் பேச முடியாது. சாதிப் பெயரைத் தேவையில்லாமல், அதுவும் இழிவுபடுத்துகிற மாதிரி எழுதக் கூடாது என்று பிரஸ் கவுன்சில் நெறிமுறை இருக்கிறது. பெரும்பாலும் பத்திரிகைகள் குற்றச் செய்தியில் அதை எழுதுவதும் இல்லை. ஆனால் டெல்டாவில் முகவரியே அந்த வேலையைச் செய்துவிடும். கீழத்தெரு, மேலத்தெரு என்றால் யார் யார் என்று அந்தந்த ஊர்க்காரனுக்குத் தெரியும். ‘காலனி’ என்றால் கேட்கவே வேண்டாம். நகரத்தில் அந்தச் சொல்லுக்கு முன்னால் சாமி பெயரோ தலைவர் பெயரோ சேர்ந்தால் கௌரவமான முகவரி. கிராமத்தில் வெறும் ‘காலனித் தெரு’ என்றால் பட்டியல் சாதி மக்கள் குடியிருக்கிற இடம். 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்திலேயே, ‘காலனி’ என்ற சொல் ஆதிக்கத்தின், தீண்டாமையின் அடையாளமாகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவிக்க வேண்டியிருந்தது. யோசித்துப் பாருங்கள், அரசே ஏழைக்கு வீடு கட்டிக் கொடுத்து வைத்த பெயர் அது. வசவாக மாறியது பிற்பாடு.

டெல்டாவுக்கு இதில் தனிக் கதை இருக்கிறது. பண்ணையார் நிலத்தில் குடிசை போட்டு இருந்த விவசாயக் கூலிகளை எந்த நேரமும் வெளியேற்றலாம் என்றிருந்த நிலைமை, 1971-இல் வந்த குடியிருப்பு மனைச் சட்டத்தால்தான் மாறியது. அந்த மனை அவர்களுக்கே சொந்தம் என்று சட்டம் சொன்னது. 1985-இல் இந்திரா குடியிருப்புத் திட்டம் வந்த பிறகு அதே இடங்களில் ‘தொகுப்பு வீடு’கள் எழும்பின. இன்றைக்கு மாவட்டப் பக்கங்களில் தொகுப்பு வீடு என்ற சொல் எப்போது வருகிறது? மேற்கூரை இடிந்து யாராவது காயம்பட்டால் வரும், ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீர் உள்ளே புகுந்தால் வரும். மற்ற பத்து மாதம் டெல்டா என்றால் ஜூன் 12 மேட்டூர் திறப்பு, தூர் வாருதல், நெல் கொள்முதல், ‘விவசாயிகள் வேதனை’. நாற்று நட்ட பெண் அந்தத் தொகுப்பு வீட்டிலிருந்துதான் வயலுக்கு வருகிறாள். அவளைப் படம் எடுத்தால் கீழே ‘நடவுப் பணியில் தொழிலாளர்கள்’ என்று போடுவோம், அங்கே முகவரி வராது.

நாகப்பட்டினம் பக்கம் போனால் இன்னொரு விதம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகளுக்கு எல்லாரும் சொல்கிற பெயர் ‘சுனாமி குடியிருப்பு’. முதல் ஒரு வருஷம் அது அனுதாபத்தைக் கொண்டுவந்த பெயர். கேமராக்கள் வந்தன, வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள், ஒவ்வொரு வீடும் செய்தி. அப்புறம் கேமரா போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. இருபது வருஷம் கழித்து, அந்த அலையைப் பார்க்கவே பார்க்காத, அதற்குப் பிறகு பிறந்த பையன் எதிலாவது மாட்டினால் ‘சுனாமி குடியிருப்பைச் சேர்ந்த’ என்று ஆரம்பிக்கிறது செய்தி. செத்தவர்களின் நினைவு ஒரு ஏரியாப் பெயராகத் தேய்ந்து போயிருக்கிறது.

நல்ல செய்தியே வருவதில்லையா என்றால், வருகிறது. ஆனால் அதிலும் ஒரு முள் இருக்கும். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் குடியிருப்பில் ஒரு பெண் நல்ல மார்க் வாங்கியிருந்தால் டெஸ்க்குக்குக் கொண்டாட்டம், ‘சேற்றில் மலர்ந்த செந்தாமரை’ தயாராக இருக்கும். தாமரைக்குப் பாராட்டு சரி, சேறு என்று சொன்னது யாரை? அவள் அப்பாவையும் அம்மாவையும் பக்கத்து வீட்டுக்காரர்களையும்தானே. அவளைப் புகழ்ந்துகொண்டே அவள் தெருவைத் திட்டுகிற வரி அது, எழுதுகிறவனுக்கு அது உறைப்பதே இல்லை.

மூன்றாவது வகைச் செய்தி புகார். சாக்கடை அடைத்துக்கொண்டது, மோட்டார் ரிப்பேர், தண்ணீர் வரவில்லை, மாடிப்படிச் சுவர் விரிசல். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு மனு எடுத்துக்கொண்டு வருவார்கள். மனு கொடுத்தது செய்தி இல்லை, எல்லாரும்தான் கொடுக்கிறார்கள். மறியல் செய்தால் செய்தி. ஆனால் அது சாக்கடையைப் பற்றிய செய்தியாக வராது, ‘போக்குவரத்து பாதிப்பு, பரபரப்பு’ என்று வரும். யாராவது கேனைத் தூக்கித் தலையில் ஊற்றிக்கொண்டால் மாநிலச் செய்தி. 2017-இல் நெல்லை கலெக்டர் ஆபீசில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்து இறந்த பிறகு, மாநிலம் முழுக்க வாசலிலேயே பையைத் திறந்து பாட்டிலைச் சோதிக்கிறார்கள். ஏழையின் புகார் எந்த அளவுக்குப் போனால் செய்தியாகும் என்று மக்களுக்கு நாங்கள்தான் கற்றுக்கொடுத்தோம், அப்புறம் ‘அந்த ஏரியா ஆளுங்க எதுக்கெடுத்தாலும் ரகளை’ என்று நாங்களே எழுதினோம்.

நான் ஒரு தடவை அந்தக் குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டி பற்றி ஒரு முழு நாள் அலைந்து எழுதினேன். மூடி உடைந்து மாதக்கணக்காகக் கிடக்கிறது, பக்கத்தில் குழந்தைகள் விளையாடுகின்றன, இரண்டு துறைகளும் ‘எங்க வேலை இல்ல’ என்கின்றன. அரைப் பக்கம் அனுப்பினேன், வந்தது மூன்று வரி. அதுவும் ‘சுகாதாரச் சீர்கேடு’ என்ற தலைப்பில், குற்றவாளி தொட்டியா குடியிருப்பவர்களா என்று தெரியாத மாதிரி. அடுத்த வாரம் அதே பிளாக்கில் ஒருவன் கஞ்சாவோடு மாட்டியது படத்தோடு நாலு பத்தி வந்தது.

லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்று மாநகராட்சி அடுக்குமாடி ஒன்று, 2017 ஜூனில் தீப்பிடித்து 72 பேர் இறந்தார்கள். உலகம் முழுக்கச் செய்தி. அந்தக் கட்டடத்து ஆட்களே முந்தின வருஷம் நவம்பரில், பெரிய விபத்து நடந்தால்தான் எங்கள் குறை யாருக்கும் தெரியும் என்கிற மாதிரி இணையத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அப்போது எந்தப் பெரிய பத்திரிகையும் அதை எடுக்கவில்லை. செய்தி மரபு எங்கேயும் ஒன்றுதான் போலிருக்கிறது: எரிந்த பிறகுதான் கதவைத் தட்டுவோம்.

சில இடங்களில் பெயரைக் கெடுக்கிற வேலையை அரசே ஆரம்பித்து வைக்கும், பத்திரிகை அதற்குச் சம்பளமில்லாத ஏஜென்ட். டென்மார்க்கில் 2010-லிருந்து பொதுக் குடியிருப்புகளில் சிலவற்றை ‘கெட்டோ’ (ஒதுக்கப்பட்டவர்களின் பகுதி என்று பொருள்படும் இழிசொல்) என்று வகைப்படுத்தி வருஷா வருஷம் பட்டியல் வெளியிட்டார்கள். வேலையின்மை, வருமானம், கல்வி, குற்றத் தண்டனை, குடியேறிகளின் விகிதம் எல்லாம் அளவுகோல். பட்டியலில் எந்தெந்தக் குடியிருப்பு இருக்கிறது என்பது வருஷா வருஷம் செய்தி. 2021-இல் அந்தச் சொல்லை விட்டுவிட்டு ‘இணைச் சமூகம்’ என்று மாற்றினார்கள், பட்டியல் நிற்கவில்லை.

அதே 2021-இல்தான் இங்கேயும் குடிசை மாற்று வாரியம் ‘தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ ஆனது. நல்ல முடிவு, குடிசையை விட்டு வந்து ஒரு தலைமுறை ஆன பிறகும் குடிசை என்ற சொல்லைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டியதில்லை. ஆனால் தலைப்பு வைக்கிற உதவி ஆசிரியருக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பு என்று எழுத இடம் எங்கே இருக்கிறது? பழைய பெயர்தான் பத்தியில் அடங்குகிறது. ஆட்டோ ஸ்டாண்டிலும் பழைய பெயர்தான்.

சரி, அங்கே குற்றமே நடப்பதில்லையா என்று கேட்பீர்கள். நடக்கிறது, கஞ்சா இருக்கிறது, அடிதடி இருக்கிறது. ஊருக்கு வெளியே, வேலைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டிய இடத்தில் ஒரே மாதிரி வருமானக்காரர்களைக் கொண்டுபோய் நிறுத்தினால் சிக்கல் வரத்தான் செய்யும். சென்னைக் குடிசைவாசிகளை நகருக்கு வெளியே கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கொண்டுபோய் விட்டபோது நடந்ததும் இதுதான். ஆனால் அந்தக் குற்றத்தால் முதலில் அடிபடுகிறவர்கள் அங்கேயே குடியிருக்கிறவர்கள். அவர்கள் வீட்டு சைக்கிள் திருடுபோனால், அவர்கள் பெண்ணை ஒருவன் வழிமறித்தால், அது செய்தியாவது அபூர்வம். அதிகாலையில் போலீஸ் சுற்றி வளைத்து வீடு வீடாகச் சோதனை போட்டால் மட்டும் எங்களுக்கு முன்கூட்டியே தகவல் வரும், கேமராவோடு போய் நிற்போம். சோதனை போட்டால் நாலு பேர் மாட்டுவான், மாட்டினால் செய்தி, செய்தி வந்தால் அடுத்த சோதனைக்குக் காரணம் தயார். பெரிய வீதியில் அதிகாலை நாலு மணிக்கு வீடு வீடாகக் கதவைத் தட்டினாலும் நாலு பேர் மாட்டுவான் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

இப்போது நாளிதழை யார் படிக்கிறார்கள் என்று கேட்கலாம். யூடியூப்காரர்கள் அதைவிட மோசம், வேறென்ன சொல்ல. சிவப்பு அம்புக்குறி, கறுப்புக் கண்ணாடி, ‘ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உள்ளே போனோம்’. உள்ளே போய் ஒரு டீக்கடையையும் இரண்டு நாயையும்தான் காட்டுவார்கள், ஆனால் தலைப்பு மட்டும் லட்சம் பேரைப் போய்ச் சேர்ந்துவிடும்.

செய்தியால் நல்லது நடந்த இடமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் சுவரைக் கையால் சுரண்டினாலே பூச்சு உதிர்கிற காட்சி தொலைக்காட்சிகளில் வந்தது. கேமரா முதல் தடவையாக மனிதர்களை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தது. ஐஐடி நிபுணர்களை வைத்து ஆய்வு நடந்தது, கட்டியவர்கள் பதில் சொல்ல வேண்டி வந்தது. 2020-இல் கண்ணகி நகர்ச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தபோதும் செய்தியின் தொனி மாறியது. சுவர் அழகானதால் வேலை கிடைத்துவிடுமா என்பது வேறு. அப்புறம் 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் கார்த்திகா இருந்தார். ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்றே எல்லாரும் எழுதினார்கள். அந்தக் குடியிருப்பின் பெயர் ஒரு வெற்றிக்கு முன்னால் அடைமொழியாக வந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

எங்கள் ஊர் பிளாக்கில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அங்கிருந்து ஒரு பெண் மாநில அளவிலான போட்டி ஒன்றில் பரிசு வாங்கியது. நான் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி, வாசலில் கோலம், உள்ளே ஒரு தையல் மெஷின், அதன் மேல் பாதி தைத்த ஸ்கூல் யூனிபாரம். அம்மா டீ கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: “தம்பி, பேப்பர்ல நம்ம பிளாக் பேரு வேண்டாம். ஊர்ப் பேரு மட்டும் போட்டுடுங்க. காலேஜுக்கு இண்டர்வியூ இருக்கு.” பெண் ஒன்றும் சொல்லவில்லை, மெஷின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா சொன்ன மாதிரியே எழுதினேன். பெரிய வீதிக்காரர்களுக்குச் செய்வதை இவர்களுக்கும் ஒரு தடவை செய்துவிட்டோம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி.

மறுநாள் குடியிருப்பு வாசல் டீக்கடையில் நின்றபோது, எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிற அண்ணன் ஒருவர் பேப்பரை மடித்து என் முன்னால் வைத்தார்.

“திருட்டுன்னா டோர் நம்பர் வரைக்கும் போடுறீங்க. எங்க புள்ள பரிசு வாங்குனா மட்டும் ஊர்ப் பேரா?”

அந்த அம்மா பால் வாங்க அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். என்னையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறிப் போனார்.